எழுதிய கணினியில் திறக்கும் சிடி அடுத்த கணினியில் ஏன் மக்கர் செய்கிறது?

வீட்டில் எழுதிய சிடி ஒன்றை வேறொரு கணினியில் போடுகிறோம். டிரைவ் வேகமெடுத்துச் சுழல்கிறது, தயங்குகிறது, வேகம் குறைகிறது, மறுபடி வேகமெடுக்கிறது. கடைசியில் பிழைச் செய்தி வருகிறது. எழுதிய கணினியிலோ அதே சிடி உடனே திறந்துகொள்கிறது. அப்படியானால் இந்த டிரைவ்தான் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் அது அவசர முடிவு.

ஆலையில் தயாராகும் சிடியில் தகவல் பிளாஸ்டிக்கில் வார்த்த நுண்குழிகளாக இருக்கும். நாம் எழுதும் சிடி-ஆரில் அந்தக் குழிகள் கிடையாது. அங்கே இருப்பது ஒரு சாயப் பூச்சு. அதன் மேல் ஒளியைத் திருப்பியனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு. அதற்கும் மேல் வார்னிஷ். எழுதும் லேசர் சாயத்தை அங்கங்கே சுடுகிறது. சுட்ட இடத்திலிருந்து ஒளி குறைவாகத் திரும்பும். படிக்கும் டிரைவுக்குத் தெரிவதெல்லாம் இந்த வெளிச்ச வேறுபாடுதான். இதில் முக்கியமான இடம், அப்படிச் சுட்ட தழும்பின் ஓரம். ஓரம் வரும் இடத்தைத்தான் டிரைவ் 1 என்று எடுத்துக்கொள்கிறது; அடுத்த ஓரம் வரும்வரை எல்லாம் 0. லேசர் கொஞ்சம் அதிகமாகச் சுட்டாலும் குறைவாகச் சுட்டாலும் ஓரம் இடம் தள்ளி விழும். தழும்புகளில் சிறியவை ஒரு மைக்ரோமீட்டர் நீளம்கூட வராது என்பதால், தள்ளி விழ அங்கே அதிக இடமில்லை.

அப்படியும் சிடி வேலை செய்யக் காரணம் பிழைதிருத்தம். 1960இல் இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் வெளியிட்ட கணித முறை அதன் அடிப்படை. சிடியின் ஒவ்வொரு 2,352 பைட் துண்டிலும் நம் தகவல் 2,048 பைட்தான்; மீதியில் பெரும்பகுதி பிழையைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும். அதற்கும் அடியில் இன்னொரு திருத்த அடுக்கு உண்டு. தடத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்துபோனாலும் அது மீட்டுக்கொடுத்துவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் நமக்குச் சொல்லாமலே திருத்திக்கொண்டிருக்கும். திருத்தும் சக்தி தீர்ந்தபிறகுதான் நமக்கு விஷயம் தெரியவரும்.

எழுதிய டிரைவில் திறக்கிறது என்பதை நான் நல்ல சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. எவ்வளவு கிறுக்கலாக எழுதினாலும் அவரவர் கையெழுத்து அவரவருக்குப் புரியும் அல்லவா? டிரைவும் அப்படித்தான். அதன் லேசர் சற்றுச் சாய்ந்திருந்தால், அதே சாய்வோடு எழுதி அதே சாய்வோடு படிக்கும். அடுத்த டிரைவுக்கு அந்த வசதி இல்லை. முதல் டிரைவில் திருத்தத்தின் எல்லைக்குள் நின்ற சிடி, இரண்டாவதில் எல்லை தாண்டிவிடுகிறது.

சரி, கோளாறு எங்கே என்று எப்படிப் பிடிப்பது? அது எந்த மாதிரி மக்கர் செய்கிறது என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

சிடி போட்டதையே கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் டிஸ்க்கின் வகையைப் பாருங்கள். அழித்து மறுபடி எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ திருப்பியனுப்பும் ஒளி 15 முதல் 25 சதவீதம்தான். வார்த்த சிடி 70 சதவீதத்துக்கு மேல். பழைய டிரைவுகள் அந்த மங்கல் ஒளியில் தடுமாறும். டிவிடி என்றால் சிடி டிரைவில் வழியே இல்லை. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு வேண்டியது 650.

டிஸ்க் திறக்கிறது, ஆனால் காலியாகக் காட்டுகிறது அல்லது பாதிக் கோப்புகளைக் காணோம் என்றால், பழுது டிஸ்க்கில் இல்லாமலே போகலாம். எழுதி முடித்தபின் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற டிரைவுகளும் படிக்கும்படி டிஸ்க்கை முடித்துவைக்காமல் விட்டிருப்போம். அல்லது பென்டிரைவ் போலப் பயன்படுத்தும் முறையில், யூடிஎஃப் என்ற கோப்பு அமைப்பில் எழுதியிருப்போம். பழைய இயங்குதளங்களுக்கு அதன் புதிய பதிப்புகள் தெரியாது. ஃபைனலைஸ் செய்யாததுதான் காரணம் என்றால், எழுதிய கணினிக்கே கொண்டுபோய் அதைச் செய்தால் பெரும்பாலும் தீரும்.

பெயர்கள் எல்லாம் தெரிந்து, சில கோப்புகள் மட்டும் பாதியில் நின்றால்தான் உண்மையான படிப்புப் பிழை. சிடி உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுகிறது. கடைசியில் எழுதிய கோப்புகளே அடம்பிடித்தால் வெளிவிளிம்பைச் சந்தேகிக்கலாம். அதிவேகத்தில் எழுதும்போது வேகம் உச்சத்தைத் தொடுவதும், டிஸ்க் அதிகம் ஆடுவதும் அங்கேதான். அப்புறம், சிடியை விளக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு ஒளி கசியும் இடத்தில் உலோகப் பூச்சு உதிர்ந்திருக்கிறது. அந்த இடத்தை எந்த டிரைவாலும் படிக்க முடியாது. அடிப்பக்கக் கீறலுக்குப் பயப்படுகிற நாம், பெயர் எழுதும் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவை அழுத்துகிறோம். சிடியில் தகவல் அந்தப் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது.

மீட்கும்போது முதல் வேலை, மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைப்பது. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடே ஓடி, தொடர்ச்சியான தகவலைத் தின்றுவிடும். பிறகு எழுதிய டிரைவிலேயே போட்டு எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அங்கும் சில கோப்புகள் நின்றால், கிடைக்கிற எல்லா டிரைவிலும் முயலுங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு. டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள் ஒவ்வொரு டிரைவிலும் கிடைத்த துண்டுகளை ஒரே நகலில் சேர்த்துக்கொள்ளும்.

புதிய டிஸ்க்கில் எழுதும்போது உச்ச வேகத்தை விட்டு நடுத்தர வேகத்தை வையுங்கள். எழுதியபின் சரிபார்ப்பதை மட்டும் வேறொரு கணினியின் டிரைவில் செய்யுங்கள்.