நடக்காத ஒன்றை எப்படி அளப்பது?

"எங்கள் கல்லூரி கார்பன் ஈடு வாங்கப்போகிறது. காசு கொடுத்தால் நாங்கள் விட்ட புகை காற்றிலிருந்து போய்விடுமா?" என்று ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார். போகாது. கொதிகலன் கக்கிய கார்பன் டை ஆக்சைடு காற்றில்தான் இருக்கும். கல்லூரி வாங்குவது ஓர் உறுதிமொழியை மட்டுமே: வேறெங்கோ ஒரு டன் வெளியேறாமல் தடுக்கப்பட்டது, அல்லது காற்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட்.

அந்த உறுதிமொழி எப்போது மெய்யாகும் என்று காட்ட எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு பன்றிப் பண்ணையின் கழிவுக் குட்டை. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் உள்ள லாய்ட் ரே பண்ணையில் டியூக் பல்கலைக்கழகம், டியூக் எனர்ஜி என்ற மின் நிறுவனம், கூகுள் மூன்றும் சேர்ந்து 2011இல் கழிவிலிருந்து வரும் வாயுவைப் பிடிக்கும் ஓர் அமைப்பை இயக்கத் தொடங்கின. இத்தகைய குட்டையின் அடியில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து, கார்பனை ஹைட்ரஜனோடு இணைத்து மீத்தேனாக வெளியே விடுகின்றன. குட்டை திறந்து கிடந்தால் அது குமிழி குமிழியாக மேலே வந்து உடைந்து காற்றில் கலந்துவிடும். மூடிவைத்தால் வாயுவைப் பிடித்து எரிக்கலாம், மின்சாரமும் எடுக்கலாம்.

எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வருமே? வரும். அழகே அங்குதான் இருக்கிறது. மீத்தேனின் மூலக்கூறு எடை 16, கார்பன் டை ஆக்சைடுக்கு 44. ஆகவே 1 டன் மீத்தேன் எரிந்தால் 2.75 டன் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். எரிக்காமல் விட்டிருந்தால் அதே 1 டன் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், சுமார் 28 டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கியிருக்கும். கழித்துப் பார்த்தால் 25 டன்னுக்கு மேல் மிச்சம். அந்த 2.75 டன்னில் உள்ள கார்பன்கூடப் புதிதல்ல. தீவனப் பயிர் சில காலம் முன்பு காற்றிலிருந்து இழுத்ததுதான். ஒரு தீக்குச்சி இவ்வளவு செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

குழாயில் எவ்வளவு வாயு ஓடியது என்பதை மானி சொல்லிவிடும். கல்லூரியின் பணம் வராமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எந்த மானியும் சொல்லாது. குட்டையை மூடியே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தாலோ, மின்சாரம் விற்ற வருமானமே செலவுக்குப் போதும் என்றாலோ, அந்தக் கிரெடிட் வெறும் தாள். நடக்காத அந்த மாற்றுக் கதையை அடிப்படைக் கணக்கு என்கிறார்கள். ஏமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. விறகடுப்புக்கு மாற்றாகத் தரப்படும் மேம்பட்ட அடுப்புகளுக்கான கிரெடிட்டுகளை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள்: அவர்கள் எடுத்துக்கொண்ட திட்டங்களில் உண்மைப் பலனைப்போல் சுமார் 9 மடங்கு கிரெடிட் வழங்கப்பட்டிருந்தது.

பல்கலைக்கழகம் ஒரு சாதாரண வாடிக்கையாளர் அல்ல. காட்டியல், வேதியியல், புள்ளியியல், பொருளாதாரம் தெரிந்தவர்கள் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடம் எழுதுபொருள் வாங்குவதுபோல் கிரெடிட்டை மொத்தமாக வாங்கிப்போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஈட்டுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை ஆய்வு நிதியாக்கி, திட்டத்தை மாணவர்களே அளந்து சோதிக்கட்டும். முடிவு பாதகமாக இருந்தாலும் வெளியிடட்டும்.

வாங்குவதற்கு முன் வளாகத்தின் புகையைக் குறைத்தாக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 2025க்குள் கார்பன் சமநிலை, அதாவது விடும் புகையைக் குறைத்து மீதியை ஈடுகட்டி நிகரக் கணக்கைச் சுழியாக்குவது, என்று 2013இல் அறிவித்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பிறகு ஈட்டை நம்பும் வழியிலிருந்து விலகி, 2045க்குள் தன் வெளியேற்றத்தையே குறைந்தது 90 சதவீதம் குறைப்பது என்று இலக்கை மாற்றிக்கொண்டது. துணிச்சலான முடிவு.

காலக் கணக்கும் இருக்கிறது. மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டுகள் அளவே தங்கும். நிலக்கரியிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கும். காட்டில் சேர்ந்த கார்பனோ ஒரு காட்டுத்தீயில் திரும்பிவிடலாம். அதனால்தான் கார்பன் ஈடு எப்படி இருக்க வேண்டும் என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்து 2020இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு கோட்பாடுகள், நீண்டகாலம் தங்கும் சேமிப்பை நோக்கிப் படிப்படியாக நகரச் சொல்கின்றன.

கேட்ட மாணவிக்கு: உங்கள் கல்லூரி வாங்கிய கிரெடிட்டுகளின் தொடர் எண்களைக் கேளுங்கள். வேறு யாரும் உரிமை கோர முடியாதபடி அவை, கிரெடிட்டுகளை வழங்கிக் கணக்கு வைக்கும் பதிவேட்டில், பயன்படுத்தப்பட்டவை என்று முடித்துவைக்கப்பட்டனவா என்று பாருங்கள். அடிப்படைக் கணக்கு ஆவணத்தையும் வாங்கி, உங்கள் புள்ளியியல் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.