தெளிக்காத கோஸில் மருந்து வந்தது எப்படி?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருந்தார். கீழடுக்கில் உருளைக்கிழங்கு, மேலடுக்கில் முட்டைக்கோஸ். கிழங்குக்கு எம்-45 என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து அடித்திருக்கிறார்; கோஸுக்கு ஒரு சொட்டுகூட அடிக்கவில்லை. கோஸை எடுக்க வந்த நிறுவனம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப, 'டைதயோகார்பமேட் இருக்கிறது' என்று அறிக்கை வந்தது. லோடு திரும்பிவிட்டது. "நான் பொய் சொல்லல சார். மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்கிறார்.

மெஷினும் பொய் சொல்லவில்லை. அது எதை அளந்தது என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை, அவ்வளவுதான்.

மலையில் எம்-45 தெரியாத விவசாயி கிடையாது. மான்கோசெப் என்ற அந்த மஞ்சள் தூள் 1960களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. அறிக்கை சொல்லும் டைதயோகார்பமேட் என்பது இந்த மருந்து சேர்ந்த கந்தகச் சேர்மக் குடும்பத்தின் பெயர். கார்போகக் கிழங்கு தழைத்து நிற்கும் நேரத்தில் மூடுபனியும் சாரலும் நாலைந்து நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் பின்கருகல் இறங்கிவிடும். இலையடியில் வெள்ளையாகப் பூசணம் தெரியும். பத்து நாளில் வயலே வெந்த கீரை மாதிரி கருத்துச் சாய்ந்து கிடக்கும். 1845-ல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளியது இதே நோய்தான். லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடித்தால் தூள் இலைமேல் படலமாகக் காய்ந்து நிற்கும். செடிக்குள் ஊடுருவாது. கிருமியின் வித்து இலைமேல் முளைவிடும்போது அதன் நொதிகளைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் முடக்கும். ஒரே இடத்தில் அடிக்கும் மருந்துகளுக்குக் கிருமி சீக்கிரம் பழகிக்கொள்கிறது. இதற்கு அறுபது ஆண்டுகளாகியும் அப்படிப் பழகவில்லை.

சரி, இந்த மருந்து காயில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலான பூச்சிமருந்துகளுக்கு வழி எளிது. காயை அரைத்து, ஒரு கரைப்பானில் குலுக்கி, வடித்துக் கருவியில் செலுத்தினால் போதும். மான்கோசெப்பிடம் அது செல்லாது. மாங்கனீசும் துத்தநாகமும் கொக்கி போட்டுப் பிணைத்த நீண்ட சங்கிலி அது. தண்ணீரிலும் கரையாது, ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் அசிட்டோனைட்ரைலிலும் கரையாது. போதாததற்கு, காயை விழுதாக அரைத்தால் சாறு பட்டே மருந்து சிதைய ஆரம்பிக்கும். அதனால் இந்தச் சோதனைக்கு வரும் காயை அரைக்கவே கூடாது. பெரிய துண்டுகளாக வெட்டி உடனே குப்பியில் போட வேண்டும்.

இங்கேதான் வேதியியலாளர்கள் ஓர் அழகான வேலை செய்தார்கள். கரைக்க முடியாத சங்கிலியை அடித்து நொறுக்கு, நொறுங்கும்போது கிளம்பும் ஆவியை அள. குப்பியில் காய்த்துண்டுகளோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஸ்டேனஸ் குளோரைடும் ஊற்றி, மேலே கொஞ்சம் ஐசோஆக்டேன் விட்டு, இறுக மூடி, 80 டிகிரி வெந்நீரில் வைத்துக் குலுக்குகிறார்கள். சங்கிலி அறுந்து கார்பன் டைசல்பைடு வெளிவரும். 46 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம் அது. அந்தச் சூட்டில் ஆவியாகக் கிளம்பி, மேலே மிதக்கும் ஐசோஆக்டேனில் போய் ஒடுங்கும். அந்த ஐசோஆக்டேனிலிருந்து ஒரு துளியை எடுத்து நிறை நிறமாலைமானியில் விட்டால், அது மூலக்கூறின் எடையைப் போட்டுச் சொல்லும். ஒரு கார்பன் 12, இரண்டு கந்தகம் 64, ஆக 76.

76 என்ற எடை மட்டும் வந்தால் யாரும் நம்பிவிட மாட்டார்கள். இயற்கையில் நூறு கந்தக அணுக்களில் நாலைந்து கொஞ்சம் கனமானவை, 32-க்குப் பதில் 34. மூலக்கூறில் இரண்டு கந்தகம் இருப்பதால் அந்தக் கனமான அணு வந்து உட்கார இரண்டு வாய்ப்பு. ஆகவே 76-க்குப் பக்கத்தில் 78-லும் ஒரு சின்ன முகடு எழும், பெரிய முகட்டில் நூற்றுக்கு ஒன்பது பங்கு உயரத்தில். ஒரே கந்தகம் இருந்திருந்தால் அதில் பாதிதான் எழும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறில் எத்தனை கந்தகம் என்று இரண்டு முகடுகளின் உயரத்தை வைத்தே எண்ணிவிடுகிறோம். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

எங்கள் காலத்துக் கல்லூரி ஆய்வகத்தில் இந்த வசதி இல்லை. குடுவையிலிருந்து வரும் ஆவியை முதலில் லெட் அசிட்டேட் கரைசலுக்குள் விடுவோம். ஹைட்ரஜன் சல்பைடு அங்கேயே சிக்கிக் கரைசல் கறுக்கும். மிச்ச ஆவி அடுத்த குழாயில் இருக்கும் தாமிர உப்பைத் தொட்டதும் கரைசல் மெல்ல மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மருந்து. வந்த கார்பன் டைசல்பைடை 1.78-ஆல் பெருக்கினால் மான்கோசெப் அளவு.

'இம்மலை நெருப்புடையது, புகை தெரிவதால்' என்று தருக்கம் படித்தவர்கள் சொல்வார்கள். இந்தச் சோதனையும் அதே அனுமானம்தான். கிழங்கு, தக்காளி, திராட்சை எல்லாவற்றுக்கும் சரியாக வரும். ஆனால் கோஸ், நெருப்பில்லாமலே புகைகிற மலை.

கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல் எல்லாம் கடுகுக் குடும்பம். கடுகைக் கடித்தால் மூக்கில் ஏறும் காரம் ஐசோதயோசயனேட் என்ற கந்தகச் சேர்மத்தால் வருவது. புழு கடித்தால் விரட்டுவதற்காக இந்தச் செடிகள் அதன் மூலப்பொருளைத் தண்டிலும் இலையிலும் சேமித்து வைக்கின்றன. மான்கோசெப் இலைமேல் சிதையும்போது பிறந்து கிருமியைத் தாக்குவதும் அதே ஐசோதயோசயனேட் குடும்பத்துச் சேர்மம்தான். 1986-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது இன்னும் வியப்பானது. சீனக் கோஸில் நுண்ணுயிரி தொற்றினால், அந்தச் செடி பிராசினின் என்ற பொருளைத் தானே தயாரித்து எதிர்க்கிறது. அந்த பிராசினின், வேதியியல்படி, ஒரு டைதயோகார்பமேட்! தொழிற்சாலையில் நாம் செய்யும் மருந்தின் உறவுக்காரனைச் செடி தன் இலைக்குள்ளேயே காய்ச்சிக்கொள்கிறது.

இப்படிக் கந்தகம் ஏறிய இலையைச் சுடுஅமிலத்தில் போட்டால் அதுவும் கார்பன் டைசல்பைடைத்தான் கக்கும். 76, 78, ஒன்பது பங்கு, எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அது டப்பாவிலிருந்து வந்ததா, இலையிலிருந்து வந்ததா என்று சொல்லக் கருவிக்கு வழியே இல்லை. கோஸை ரொம்ப நேரம் மூடி வேகவைத்தால் அடுப்படியில் ஒரு வாடை வருமே, அந்தக் கந்தக ஆவிகளைக் கிளப்புவதும் இதே போன்ற சிதைவுதான்.

அப்படியென்றால் பயமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். மான்கோசெப் உடனடி விஷம் அல்ல. அது சிதையும்போதும், சமையல் சூட்டிலும் உண்டாகும் எத்திலீன் தயோயூரியாதான் கவலை. தைராய்டு சுரப்பி அயோடினைப் பயன்படுத்த உதவும் நொதியை அது தடுக்கிறது. நீண்டகாலம் ஊட்டிய எலிகளுக்குத் தைராய்டு கட்டிகள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் மான்கோசெப் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. இந்தியாவில் அதே ஆண்டு மே மாதம் வந்த தடை வரைவின் 27 மருந்துகளில் இதுவும் இருந்தது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. முகமூடி இல்லாமல் முதுகில் டேங்க் சுமந்து மருந்தடிப்பவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. சமையல்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மஞ்சளும் உப்பும் 'விஷத்தை முறிக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். தூள் மேலேதான் ஒட்டியிருக்கிறது. கோஸின் வெளி இலைகளை உரித்து எறிந்து, ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும்.

திரும்ப அந்த விவசாயியிடம் வருகிறேன். கீழடுக்கில் அடித்த மருந்து காற்றில் மேலே ஏறியிருக்கவும் வழி உண்டு. அதை நான் மறுக்கவில்லை. மாதிரி எடுத்தவர் ரப்பர் கையுறை போட்டிருந்தால் அதிலிருந்தும் வரலாம், ஏனென்றால் ரப்பரைப் பதப்படுத்த இதே குடும்பத்து ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். டப்பா மருந்தை மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்லும் முறை இருக்கிறது. இடிடிஏ என்ற பொருள் மாங்கனீசையும் துத்தநாகத்தையும் பிடுங்கிக்கொள்ள, சங்கிலியின் கண்ணிகள் உடையாமலே கொக்கி மட்டும் கழன்று மருந்தின் கந்தகப் பகுதி முழுசாகத் தண்ணீரில் இறங்கும்; அதில் மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டத்தை ஒட்டவைத்து நேரடியாக அளக்கலாம். கோஸின் சொந்தக் கந்தகம் அங்கே குறுக்கே வராது. செலவும் நேரமும் அதிகம் என்பதால் எல்லா ஆய்வகமும் செய்வதில்லை.

புதுக் கருவி வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது. நம் மலைக் கோஸில் மருந்தே படாதபோது எவ்வளவு வரும் என்று ரகம் ரகமாக, பருவம் பருவமாக அளந்து எழுதிவைக்கிற வேலை பெயர் வாங்கித் தராது. அதற்குத்தான் அரசு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் ஒரு லோடைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

எழுதிக் கேட்ட விவசாய நண்பரே, உங்கள் அறிக்கையில் ஒன்றைப் பாருங்கள்: 'கார்பன் டைசல்பைடாக' என்று எழுதியிருக்கிறதா? இருந்தால், அது ஆவியை அளந்த சோதனைதான்; மறு சோதனை கேளுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நச்சு எச்ச ஆய்வகம் இருக்கிறது. அடுத்த முறை வயல் கோஸோடு, கிழங்குக் காட்டுக்குத் தள்ளி வீட்டுக் கொல்லையில் மருந்தே காணாமல் வளர்ந்த அதே ரகக் கோஸ் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் வெறுங்கையை நன்றாகக் கழுவிக்கொண்டு பறித்து, கத்தி படாமல் முழுசாக, தனித்தனிப் பையில்.