‘எல்லாம் கேஸ்தான் டாக்டர்’

போன வாரம் வந்த ஒருவர், நாற்காலியில் உட்காரும்போதே சட்டைப் பையிலிருந்து, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பத்தில் மூன்றுதான் மீதி. “எல்லாம் கேஸ்தான் டாக்டர். காலையில் எழுந்ததும் இதில் ஒன்று போட்டால்தான் அன்றைக்குப் பொழுது ஓடும்” என்றார். எவ்வளவு நாளாக? “ஏழு வருஷம் இருக்கும்.” யார் எழுதிக் கொடுத்தது என்பது அவருக்கே மறந்துவிட்டது. இத்தனைக்கும் அவர் வயிற்றுக்காக வரவில்லை. உள்ளங்கால் இரண்டும் மதமதவென்று இருக்கின்றன, செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை என்று வந்திருந்தார்.

இரைப்பை எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். எல்லோரையும் போலவே தொப்புள்மேல் கையை வைத்தார். உண்மையில் அது இன்னும் மேலே, இடது விலா எலும்புகளை ஒட்டி இருக்கிறது. தொப்புளைச் சுற்றிச் சுருண்டு கிடப்பது சிறுகுடல். சாப்பிட்டதெல்லாம் இரைப்பையிலேயே செரித்துவிடும், அங்கே அமிலம் கூடினால்தான் எல்லாத் தொந்தரவும் வரும் என்ற நினைப்பும் இந்தக் குழப்பத்தோடு சேர்ந்தே வருகிறது.

இரைப்பையின் முக்கிய வேலை அரைப்பது. பற்கள் நொறுக்கி, எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தைக் கொஞ்சம் உடைத்து அனுப்பியதை, அது அமிலத்தோடு சேர்த்துப் பிசைந்து கூழாக்குகிறது. அடிவாசலில் பைலோரஸ் என்றொரு வால்வு. ஒன்றிரண்டு மில்லிமீட்டரைவிடப் பெரிய துண்டு வந்தால் லேசில் விடாது, மறுபடி அரைத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பும். சரியாக மெல்லாமல் அவசரமாக விழுங்கினால் அந்த வேலையும் இரைப்பையின் தலையில்தான் விழும். கொழுப்பு அதிகமென்றால் வால்வு இன்னும் நிதானமாகத் திறக்கும். சாதாரணச் சாப்பாட்டுக்கே இரைப்பை காலியாக மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும்.

அப்புறம் அந்த அமிலம். வெறும் வயிற்றில் அதன் பி.எச். அளவு 2-ஐ ஒட்டி இருக்கும். கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. சாப்பாட்டோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை அது கொன்றுவிடுகிறது. புரதத்தை வெட்டும் பெப்சின் அமிலம் இருந்தால்தான் விழித்துக்கொள்ளும். இரும்புச்சத்தைக் குடல் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்ற அது உதவுகிறது. உணவிலுள்ள பி12 வைட்டமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைப் பிரித்தெடுக்கவும் அமிலம் வேண்டும். இவ்வளவு கடுமையான அமிலத்தில் இரைப்பையே ஏன் கரைவதில்லை என்று கேட்கலாம். உட்சுவரில் கோழைப் படலம் பூசியிருக்கிறது, மேல் செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன. வலி மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்குபவர்களுக்குப் புண் வருவது, அந்தப் படலத்தை வளர்க்கும் வேலையை மாத்திரை தடுத்துவிடுவதால்தான்.

உண்மையான செரிமானம் சிறுகுடலின் முதல் 25 சென்டிமீட்டரில் சூடுபிடிக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர், எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்கிற வேலையைக் கொழுப்பில் செய்கிறது. கணையம் அமிலத்தைத் தணிக்கும் நீரையும், மாவு, புரதம், கொழுப்பு மூன்றுக்கும் நொதிகளையும் அனுப்புகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. புரதத்தை உடைக்கும் டிரிப்சினைக் கணையம் பூட்டுப் போட்டுத்தான் அனுப்பும். திறக்கும் சாவி குடல் சுவரில் இருக்கிறது. பித்தக்கல் அடைத்தாலோ, மதுவினாலோ அந்தப் பூட்டு கணையத்துக்குள்ளேயே திறந்துகொண்டால், கணையம் தன்னைத் தானே செரிக்க ஆரம்பித்துவிடும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைக்கும் அந்த வலியையும் ‘கேஸ்’ என்று சோடா குடித்துப் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு.

ஒரு நாளில் நாம் குடிப்பதும் உடலே சுரப்பதுமாக எட்டு ஒன்பது லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. பெரும்பகுதியை அங்கேயே உறிஞ்சிவிடும். பெருங்குடலும் தன் பங்கை எடுத்தபின் மலத்தோடு போவது 100, 200 மில்லிலிட்டர்தான். பேதியில் உடல் ஏன் அவ்வளவு சீக்கிரம் வற்றுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

சரி, கேஸ் எங்கிருந்து வருகிறது? ஏப்பமாக வருவது பெரும்பாலும் நாம் விழுங்கிய காற்று. கீழே போவதில் பெரும்பகுதி பெருங்குடல் பாக்டீரியாக்கள், நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தையும் மிஞ்சிய சர்க்கரைகளையும் நொதிக்க வைத்து உண்டாக்குவது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்தவர்களுக்குப் பால் குடித்ததும் வயிறு உப்புவது இப்படித்தான். இரண்டிலும் அமிலத்தின் கை இல்லை. அமில மாத்திரை இதற்கு என்ன செய்யும்?

“சாப்பிட்டதும் அப்படியே வெளியே போய்விடுகிறது” என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு புகார். ஒருவர் செல்போனில் ஆதாரப் படமே எடுத்து வந்திருந்தார்! சாப்பாடு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடலுக்கு ‘இடம் ஒதுக்கு’ என்று ஒரு சைகை போகும். அப்போது வெளியேறுவது பெரும்பாலும் நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டது. படத்தைப் பார்த்து நான் கவனித்தது நிறத்தை. தார் போலக் கறுத்து நாறினால் மேற்குடலில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் (இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதையும் கேட்டுக்கொள்வேன்). களிமண் மாதிரி வெளுத்து, சிறுநீர் மட்டும் அடர்ந்திருந்தால் பித்தநீர்ப் பாதையில் அடைப்பு இருக்கலாம். விழுங்கும்போது சிக்கினாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. நெஞ்சில் பாரம், வியர்வை, கைக்கும் தாடைக்கும் பரவும் வலி என்றால் அதைக் கேஸ் என்று முடிவுகட்டாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மாத்திரை அட்டைக்காரரின் ரத்தப் பரிசோதனையில் பி12 மிகவும் குறைந்திருந்தது. அது குறைந்தால் நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கால் இப்படி மதமதத்துப் போகலாம். கல்லீரல் அதைப் பல வருடங்களுக்குச் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு மெதுவாகத்தான் வெளியே தெரியும். அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுக்கிறார். அதுவும் பி12-ஐக் குறைக்கும். இரண்டும் சேர்ந்துகொண்டிருக்க வேண்டும். இந்த அமில மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புண் உள்ளவர்களுக்கும், ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கும் அது அவசியம். இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

பி12 ஊசி போட ஆரம்பித்தோம். மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இத்தனை வருடம் அடக்கி வைத்த அமிலம் திடீரென்று விட்டால் சில வாரங்களுக்குக் கூடுதலாகச் சுரக்கும், நெஞ்செரிச்சலும் வரும், ‘பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் முடியாது’ என்று பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். மீதி மூன்றையும் அப்படியே போடச் சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.