பிரஷ் மாறினால் நுரை மாறுவது ஏன்?

அதே ஷேவிங் சோப்தான். ஒரு பிரஷில் கெட்டித் தயிர் மாதிரி நுரை வருகிறது. இன்னொன்றில் பெரிய பெரிய குமிழிகளாக வந்து கன்னத்திலேயே உடைந்துவிடுகிறது. சோப்பின் மேல் பழி போடுவதற்கு முன்னால், பிரஷ் எவ்வளவு தண்ணீரைக் கூடவே கொண்டுவந்தது என்று பார்க்க வேண்டும்.

நுரை என்பது காற்றுக் குமிழிகளும் அவற்றைச் சுற்றியுள்ள மெல்லிய சோப்புநீர்ப் படலமும்தான். குமிழி சிறியதாக இருந்தால் உள்ளே அழுத்தம் அதிகம். அதனால் அதன் காற்று படலத்தின் வழியே பக்கத்துப் பெரிய குமிழிக்குக் கசியும். சிறியது காணாமல் போகும், பெரியது இன்னும் பெரிதாகும். தண்ணீரும் கீழே வடிய வடிய படலம் மெலிந்து ஒரு கட்டத்தில் உடையும். ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை நிறையச் சேர்ப்பது இதையெல்லாம் தள்ளிப்போடத்தான். 18 கார்பன் நீளமுள்ள அதன் மூலக்கூறுகள் படலத்தில் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயில் அதிகமுள்ள 12 கார்பன் லாரிக் அமிலமோ சட்டென்று நுரைக்கும், சீக்கிரமே அடங்கிவிடும்.

இப்போது பிரஷுக்கு வருவோம். பன்றி முடியில் செய்த பிரஷில் முடியே தண்ணீரை உறிஞ்சும். அதை ஊறவைக்காமல் தொடங்கினால் நுரையில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். பாதி ஷேவில் முகம் வறளும். சில நிமிடம் தண்ணீரில் போட்டுவைத்தால் சரியாகிவிடும். புதிதில் குத்தும், பழகப் பழக நுனி பிளந்து மிருதுவாகும். பேட்ஜர் (வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு) முடி அடர்த்தியாக நிற்பதால் இடுக்குகளில் தண்ணீர் நிறையத் தங்கும். நன்றாக உதறாமல் சோப்பில் வைத்தால் பெருங்குமிழிதான். செயற்கை இழை தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை, ஊறவைக்கும் வேலையும் இல்லை. இடுக்கில் இருப்பதைச் சட்டென்று விட்டுவிடும் என்பதால் குறைந்த ஈரத்தில் தொடங்க வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு இதுவே போதும் என்பேன். பேட்ஜரின் பெருமையெல்லாம் பெரும்பாலும் முகத்தில் படும் சுகத்தைப் பற்றியது.

எந்தப் பிரஷ் என்றாலும் முதலில் தண்ணீரைக் குறைத்து, முடி முழுக்கப் பசை மாதிரி ஒட்டும்வரை சோப்பில் சுழற்றுங்கள். அப்புறம் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுக் கலக்குங்கள். விடாமல் கலக்கும்போது பெரிய குமிழிகள் நறுக்குண்டு பொடிக் குமிழிகளாகும். நுரை மங்கலாக இருந்து இழுபட்டால் ஈரம் போதவில்லை. தயிர்ப் பதத்தில் மெல்லிய பளபளப்பு வந்தால் சரியான இடம். ஒழுகினால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. இன்னும் கொஞ்சம் சோப் எடுங்கள்.

இவ்வளவுக்கும் நுரை எழவில்லையா? தண்ணீரைச் சந்தேகிக்கலாம். கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். அவை தீரும்வரை நுரை பிடிக்காது. ஒருமுறை காய்ச்சி வடித்த தண்ணீரில் (டிஸ்டில்டு வாட்டர்) அதே சோப்பையும் பிரஷையும் வைத்துக் கலக்கிப் பாருங்கள். அப்போது நுரை நன்றாக வந்தால் குறை குழாய்த் தண்ணீரில்தான். சோப்பைக் கூடுதலாக எடுத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.