டவர் ஸ்பீக்கரும் அறையும்: தேர்வுக்கு முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

தரையில் நேராக நிற்கும் இரண்டு டவர் ஸ்பீக்கர்களை ஒப்பிடுபவர் பெரும்பாலும் தாழ் ஒலியை எழுப்பும் வூஃபர்களின் எண்ணிக்கையையும் வாட் கணக்கையும் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுகிறார். ஆனால் வீட்டு அறையில் நம் காதை எட்டும் ஒலி முழுவதையும் ஒரே காரணி தீர்மானிப்பதில்லை. ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 200 அதிர்வுகள்) கீழே அறையின் அளவும் ஸ்பீக்கர் நிற்கும் இடமும் அதைத் தீர்மானிக்கின்றன. அதற்கு மேலே ஸ்பீக்கரின் வடிவமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. எனவே ஒரு டவரைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும்: இதன் தாழ் ஒலி என் அறைக்குப் பொருந்துமா? இதன் இடை ஒலியும் உயர் ஒலியும் எல்லாத் திசைகளிலும் சீராகப் பரவுகின்றனவா?

முதல் கேள்விக்கு விடை காண, டவர் ஏன் உயரமாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணர்கிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மீட்டர். 20,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் வெறும் 1.7 சென்டிமீட்டர். நீண்ட அலையை எழுப்ப நிறையக் காற்றை நகர்த்த வேண்டும். அதிர்வெண் ஒரு ஸ்தாயி இறங்கும்போது, அதாவது பாதியாகும்போது, அதே ஒலி அழுத்தத்தைத் தருவதற்கு வூஃபரின் கூம்பு நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைந்த கூம்பு 20 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டர் அசைந்தாக வேண்டும். எந்தக் கூம்பின் அசைவுக்கும் எல்லை உண்டு என்பதால்தான் வடிவமைப்பாளர்கள் பரப்பைக் கூட்டுகிறார்கள், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று வூஃபர்களை அடுக்குகிறார்கள்.

பெட்டியின் கொள்ளளவும் அதே அளவு முக்கியம். கூம்பின் பின்புறத்திலிருந்து வரும் ஒலி முன்புற ஒலிக்கு எதிர்க்கட்டத்தில், அதாவது நேர்மாறாக அதிர்ந்தபடி, இருப்பதால், அதை அடைத்துவைக்காவிட்டால் தாழ் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லாகச் செயல்பட்டுக் கூம்பை எதிர்க்கிறது. பெட்டி சிறுத்தால் அந்த வில் விறைப்பாகி, பேஸ், அதாவது தாழ் ஒலி, ஆழமாக இறங்காமல் உயர்ந்த அதிர்வெண்ணிலேயே நின்றுவிடுகிறது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக உணர்திறன் (குறைந்த ஆற்றலில் உரக்க ஒலிக்கும் திறன்) ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருசேரப் பெற முடியும் என்னும் விதி, கேஎல்ஹெச் என்னும் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹாஃப்மனின் பெயரால் வழங்குகிறது. ஸ்டாண்டின் மேல் வைத்த சிறிய ஸ்பீக்கரும் டவரும் தரையில் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் அடைத்துக்கொள்கின்றன. ஸ்டாண்டு வீணாக்கும் உயரத்தை டவர் காற்றின் கொள்ளளவாக மாற்றிக்கொள்கிறது. டவரின் பக்கம் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இதுதான் என்று கருதுகிறேன்.

பெரும்பாலான டவர்களில் போர்ட் எனப்படும் திறந்த குழாய் ஒன்று இருக்கும். வெற்றுப் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஒலி எழுவதைப் போல, குழாயில் உள்ள காற்றின் நிறையும் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் விறைப்பும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் இந்த அமைப்புக்கு 1932இல் காப்புரிமை பெற்றார். நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் 1960களிலும் 1970களிலும் வகுத்த சமன்பாடுகள்தாம் அதைக் கணக்கிட்டு வடிவமைக்க வழிசெய்தன. அந்த ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் பெரும்பகுதி ஒலியைப் போர்ட் தருகிறது, கூம்பு அதிகம் அசைவதில்லை. அதற்குக் கீழே நிலைமை தலைகீழாகிறது: மூடிய பெட்டியில் ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் குறையும் ஒலி, போர்ட் உள்ள பெட்டியில் 24 டெசிபல் வீதம் குறைகிறது; கூம்பைத் தடுக்கக் காற்றின் விறைப்பும் இல்லாமற்போகிறது.

இந்தப் பேஸ் அறைக்குள் நுழைந்ததும் சுவர்கள் குறுக்கிடுகின்றன. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலான தொலைவு அரை அலைநீளத்துக்குச் சமமாகும்போது நிலை அலை உருவாகிறது. 5 மீட்டர் நீள அறையில் அது 34 ஹெர்ட்ஸிலும், 4 மீட்டர் அகலத்தில் 43 ஹெர்ட்ஸிலும், பிறகு அவற்றின் மடங்குகளிலும் நிகழும். அந்த முதல் நிலை அலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சமாகவும் நடு அறையில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு, ஆனால் சோஃபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டவருக்குப் பேஸ் திணறடிக்கிறது, நடுவில் அமர்ந்தவருக்கு அதே சுரம் காணாமல் போகிறது. இத்தகைய தனித்தனி ஒத்ததிர்வுகள் எந்த அதிர்வெண் வரை ஆதிக்கம் செலுத்தும் என்பதை மான்ஃபிரெட் ஷ்ரோடரின் சமன்பாட்டால் மதிப்பிடலாம்: 50 கன மீட்டர் கொள்ளளவும் 0.4 நொடி எதிர்முழக்க நேரமும் (ஒலி நின்றபின் அதன் முழக்கம் அடங்க எடுக்கும் நேரம்) கொண்ட அறையில் அந்த எல்லை சுமார் 180 ஹெர்ட்ஸ். தொடக்கத்தில் சொன்ன 200 ஹெர்ட்ஸ் எல்லை இங்கிருந்துதான் வருகிறது. ஆகவே சிறிய, மூடிய அறைக்கு 28 ஹெர்ட்ஸ் வரை முழு வலிமையுடன் இறங்கும் பெரிய டவரைவிட, 45 ஹெர்ட்ஸ் அளவில் மெல்லத் தணியத் தொடங்கும் சிறிய டவர் பல வேளைகளில் தெளிவான பேஸைத் தரும். குறைந்துபோகும் ஒலியைச் சுவர்களின் வலுவூட்டல் ஓரளவு ஈடுசெய்துவிடும்.

இரண்டாவது கேள்வியைக் கடைகளில் அநேகமாக யாரும் எழுப்புவதில்லை. நாம் கேட்பது ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியை மட்டுமன்று. பக்கவாட்டில் கிளம்பிச் சுவர், தரை, கூரை ஆகியவற்றில் பட்டு வரும் ஒலியும் அதனுடன் கலக்கிறது. ஒலியின் அலைநீளம் கூம்பின் விட்டத்தை நெருங்கும்போது அந்த ஒலி பக்கவாட்டில் பரவாமல் முன்னோக்கிக் குவியத் தொடங்கும். 16.5 சென்டிமீட்டர் வூஃபருக்கு இது சுமார் 2,000 ஹெர்ட்ஸில் நேர்கிறது. அங்கே ஒலியை அதிர்வெண்படி பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்று, அதை உயர் ஒலிக்கான 2.5 சென்டிமீட்டர் ட்வீட்டருக்குக் கைமாற்றினால், குறுகியிருந்த பரவல் சட்டென அகன்றுவிடும். நேர் எதிரே அளந்தால் சீராகத் தெரியும் ஸ்பீக்கர், அறையில் கூர்மையாகவும் களைப்பூட்டுவதாகவும் ஒலிக்கும். இதைச் சரிசெய்யத்தான் ட்வீட்டரைச் சுற்றி ஆழமற்ற கொம்பு போன்ற குழிவை அமைக்கிறார்கள், அல்லது இடை ஒலிக்குத் தனியாகச் சிறிய கூம்பைச் சேர்த்து மூவழி அமைப்பாக்குகிறார்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் 1980களில், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று கேட்போருக்குத் தெரியாதபடி நடத்திய மறைவுச் சோதனைகளில், நேர் ஒலி சமமாகவும் பக்க ஒலி திடீர் ஏற்ற இறக்கமின்றியும் இருந்த ஸ்பீக்கர்களையே கேட்போர் விரும்பினர். அளவீட்டு வரைபடம் கிடைக்குமானால், நேர் எதிரிலிருந்து பக்கவாட்டுக்குக் கோணம் கூடக்கூட வரும் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இணக்கமாகச் சரிகின்றனவா என்று பாருங்கள். வூஃபர் எண்ணிக்கையைவிட அது அதிகம் சொல்லும்.

வாட் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உணர்திறன் 3 டெசிபல் கூடினால் அதே உரப்புக்குப் பாதி ஆற்றல் போதும். ஆனால் பல தயாரிப்பாளர்கள் அதை 2.83 வோல்ட்டில் அளக்கிறார்கள். அது 8 ஓம் மின்தடை கொண்ட ஸ்பீக்கருக்கு 1 வாட், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வாட். ஆகவே 4 ஓம் டவரின் எண்ணிலிருந்து 3 டெசிபலைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும். குறைந்த ஓம் அளவைத் தாங்கும் ஆம்ப்ளிஃபையர் நம்மிடம் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கேட்டு ஒப்பிடும்போது உரப்பைச் சமப்படுத்துவது கட்டாயம். உரப்புக் குறையும்போது காதுக்குப் பேஸ் மற்றவற்றைவிட வேகமாக மங்குகிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே காட்டிவிட்டார்கள்; சற்று உரக்க ஒலிக்கும் ஸ்பீக்கர் எப்போதும் நிறைவாகத் தோன்றும். ஷான் ஆலிவும் டூலும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்களின் மதிப்பெண்கள், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது மாறின. ஆகவே ஒலி அளவியைக் கொண்டு இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மெல்லிய துணித்திரையை இட்டு, முதலில் ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஒலிக்கவிட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது மறைந்துபோகும் குறைகள் ஒன்றில் எளிதில் பிடிபடும்.

வாங்கிய டவர் வீட்டில் இரைச்சலாக முழங்கினால், திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதன் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கும் வூஃபரின் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி 86 ஹெர்ட்ஸை ஒட்டி நேர் ஒலியை அழித்து ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. பக்கச் சுவரும் அதே தொலைவில் இருந்தால் இரண்டு பள்ளங்களும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகின்றன. பின்சுவர்த் தொலைவும் பக்கச்சுவர்த் தொலைவும் வேறுபடும்படி பத்துப் பத்து சென்டிமீட்டராக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் வழக்கமாக அமரும் இருக்கையிலிருந்தே கேட்க வேண்டும்.