நண்பருக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் நாற்பது பேரும் ஒரே நாளில் வர வேண்டாம்

"மேடம், நாங்க நாற்பது பேர் இருக்கோம். எவ்வளவு ரத்தம் வேணும்னாலும் இப்பவே எடுத்துக்கோங்க." லுகேமியா என்று உறுதியான மறுநாள் வார்டு வராந்தாவில் இந்த வசனம் கட்டாயம் கேட்கும். கூடப் படித்தவர்கள், ஆபீஸ்காரர்கள், கிரிக்கெட் டீம், தெருப் பையன்கள் எல்லாரும் நிற்பார்கள். மூன்றாவது வாரம், ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு அவசரமாக ஒரு பிளேட்லெட் டோனர் தேவைப்படும்போது, நோயாளியின் மனைவி தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் போட்டுக்கொண்டிருப்பார். மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு இரண்டுமே பழகிய காட்சிகள். யாருக்கும் அக்கறை குறைந்துவிடவில்லை. இருந்ததையெல்லாம் முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த நோய் எந்த வாரத்தில் எதைக் கேட்கும் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற வேகமாகப் பரவும் ரத்தப் புற்றுநோய் வந்த பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் முதல் கீமோ 7 நாள். உடம்பு அதிகம் தளர்வது அதற்குப் பிறகுதான். இரண்டாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ நான்காவது வாரம் வரை எலும்பு மஜ்ஜையில் புது அணுக்கள் சரிவர உற்பத்தியாகாது. "கவுன்ட் இறங்கிடுச்சு" என்று நர்ஸ் சொல்வது இதைத்தான். தட்டணு, அதாவது பிளேட்லெட், 10,000-க்குக் கீழே போனால் ரத்தக்கசிவு இல்லாவிட்டாலும் ஏற்றுவது வழக்கம். சிவப்பணுவைக் குளிர்பதனத்தில் ஒரு மாதத்துக்கு மேலும் வைத்திருக்கலாம். தட்டணு 5 நாள்தான் தாங்கும். முதல் நாளே வாங்கி அடுக்கிவைக்க வழியில்லை.

இதில் இன்னொரு சிக்கல். உற்சாகத்தில் நாற்பது பேரும் அன்றைக்கே முழு ரத்தம் கொடுத்துவிட்டால், அடுத்த 28 நாளுக்கு அவர்கள் யாரும் மெஷின் வழியாகத் தட்டணு கொடுக்க முடியாது. தேவை உச்சத்தில் இருக்கிற நாட்கள் சரியாக அதே நாட்கள். ஒரே ஆளிடமிருந்து தட்டணுவை மட்டும் பிரித்தெடுக்கும் முறையை எஸ்.டி.பி. என்போம். ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சாதாரண ரத்த தானத்தில் சுமார் ஆறு பேரிடமிருந்து கிடைக்கும் தட்டணு இந்த ஒருவரிடமிருந்தே கிடைத்துவிடும். அதனால் ரத்த வங்கியில் கேட்டு, முழு ரத்தத்துக்கு நாலைந்து பேரை அனுப்பிவிட்டு, அதே ரத்த வகை உள்ள மற்றவர்களைத் தட்டணுவுக்கென்று ஒதுக்கிவையுங்கள். ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக் கூடாது, தட்டணு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், கையில் நல்ல நரம்பு கிடைக்க வேண்டும். மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருந்தால் எடுக்க மாட்டார்கள். தலைவலிக்கு என்ன மாத்திரை போட்டோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அட்டையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கூடப் பிறந்தவர்கள் முன்னால் வந்து கையை நீட்டுவார்கள். "சொந்த அண்ணன் நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் பின்னால் மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படலாம் என்றால், ரத்த உறவுகளின் ரத்தத்தை முன்கூட்டி ஏற்றுவதைத் தவிர்ப்போம். அவர்களுடைய அணுக்களை எதிர்க்க நோயாளியின் உடம்பு பழகிவிடக்கூடும். டாக்டரைக் கேட்காமல் அண்ணன் தம்பி யாரும் கொடுக்க வேண்டாம். உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படி யாரும் இல்லையென்றால், சென்னையிலிருந்து இயங்கும் 'தாத்ரி' போன்ற மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடுகளில் தேடுவார்கள். நண்பர்கள் அதில் பதிவு செய்வது நல்ல காரியம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள். ஆனால் அது உங்கள் நண்பருக்கே பொருந்துவது மிக அரிது. முகம் தெரியாத யாருக்கோ பொருந்தி, சில வருஷம் கழித்து அழைப்பு வரலாம். அப்போது பின்வாங்காதவர்கள் மட்டும் பதிவு செய்யுங்கள்.

இதையெல்லாம் ஒரு ஆள் கையில் ஒப்படையுங்கள். நோயாளியின் மனைவியோ கணவரோ வேண்டாம். அவர்களுக்கு ஏற்கெனவே தூக்கமில்லை. யார், என்ன குரூப், கடைசியாக எப்போது கொடுத்தார், ராத்திரி கூப்பிட்டால் வருவாரா என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும். கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவர் இந்த வேலைக்கு அநேகமாகச் சரிப்படுவதில்லை. கடையில் கணக்கு எழுதும் ஆள் ஒருவர் ஓரமாக நிற்பார் பாருங்கள், அவரைப் பிடியுங்கள்.

வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேலை போய்விடுமோ, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. படுக்கையில் முடி கொட்டிய நிலையில் எடுத்த படம் வேண்டவே வேண்டாம். தேதி, ரத்த வகை, முழு ரத்தமா தட்டணுவா, எந்த நாள் வரை என்று எழுதுங்கள். தேதியில்லாத செய்தி, ஆள் குணமாகி வேலைக்குப் போன பிறகும், ஏன், இறந்த பிறகும்கூடச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பணம் கேட்பதென்றால் நோயாளி அல்லது வீட்டார் பெயரில் உள்ள கணக்கு மட்டும் போதும். வரவு செலவை வாரம் ஒருமுறை குழுவில் போட்டுவிட்டால் முணுமுணுப்பு வராது.

வசூலுக்கு முன்னால் காகிதங்களைப் பாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வருமானச் சான்றிதழுக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் அலைய ஒரு நண்பர் இரண்டு நாள் லீவு போட்டால், அது பெரிய நன்கொடைக்குச் சமம். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவருக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனைச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

பார்க்க வருகிற விஷயம்தான் மனஸ்தாபத்தில் முடிகிறது. வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆப்பிள், ஹார்லிக்ஸ் சகிதம் பத்துப் பேர் வருவார்கள். வெள்ளையணு இறங்கியிருக்கும்போது ஒருவருடைய சாதாரணச் சளியே நோயாளியை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோகலாம். வீடியோ காலில் பேசுங்கள். பப்பாளி இலைச் சாற்றை பிளாஸ்கில் கொண்டுவந்து டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கை சும்மா இருக்கிறதென்றால், வீட்டில் இருக்கிற பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுக் கூட்டிவரலாம். கூட இருப்பவரை ஒரு ராத்திரி வீட்டுக்கு அனுப்பித் தூங்கவைக்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் குழுவில் எல்லாரும் கும்பிடு எமோஜி போட்டுக் கலைந்துவிடுவார்கள். முதல் சுற்றில் நோய் கட்டுப்பட்ட பலருக்கு அதன்பின் இரண்டு மூன்று சுற்று கீமோ உண்டு. ஒவ்வொன்றிலும் கவுன்ட் மறுபடி இறங்கும், டோனர் மறுபடி வேண்டும். நோட்டை வைத்திருக்கும் ஆள் அதற்குள் களைத்திருப்பார். இரண்டாவது சுற்று தொடங்கும் முன்பே அதை வேறொருவர் வாங்கிக்கொள்ளட்டும்.