எஞ்சின் நின்றால் கையைக் கீழே இறக்கணும்

ஹெலிகாப்டரில் எஞ்சின் நின்றுபோனால் கல் மாதிரி விழும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். விழாது. ஆனால் விழாமல் இருக்க விமானி முதலில் செய்ய வேண்டியது, உடம்பு கத்திச் சொல்வதற்கு நேர் எதிரான காரியம். ஹெலிகாப்டர் பயிற்சியே பெரும்பாலும் இதுதான்: கைக்குத் தானாக வருவதை வரவிடாமல் பழக்குவது.

முதலில் கைகால்களுக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம். இடது கையில் கலெக்டிவ், பழைய காரின் ஹேண்ட்பிரேக் மாதிரி இருக்கையை ஒட்டி இருக்கும். மேலே இழுத்தால் மேலே சுற்றும் இறக்கைகள் எல்லாம் ஒரே அளவில் சாய்ந்து காற்றை அதிகம் தள்ளும், வண்டி எழும்பும். வலது கையில் சைக்ளிக், எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் போகும். காலில் இரண்டு பெடல்கள், வாலில் சுற்றும் சின்ன விசிறியான வால் ரோட்டருக்கு. மேலே சுற்றும் இறக்கைகள் சேர்ந்த பெரிய ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால் உடல்பகுதி எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவது வால் ரோட்டர்.

சிக்கல் என்னவென்றால், இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் தொட்டாக வேண்டும். கலெக்டிவை இழுத்தால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும், பெடலை மிதிக்கணும், மிதித்தால் வண்டி பக்கவாட்டில் நகரும், அதற்கு சைக்ளிக். கலெக்டிவை இழுக்கும்போது மிதிக்க வேண்டியது அமெரிக்க ஹெலிகாப்டர்களில் இடது பெடல், ரோட்டர் மறுதிசையில் சுற்றும் பிரெஞ்சு வகைகளில் வலது பெடல். நம் அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் கடற்படை விமானிகள் பழகிய சேதக் ஹெலிகாப்டர் அந்தப் பிரெஞ்சு வகைதான்.

ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பதுதான் புதியவர்களை அழவைக்கும். சைக்ளிக்கைத் தள்ளினால் வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கும், அதற்குள் "கேட்கவில்லையே" என்று இன்னும் தள்ளிவிடுவோம், பிறகு மறுபக்கம் இழுப்போம், ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நகர்ந்த பிறகு திருத்தினால் வேலைக்கு ஆகாது, நகரத் தொடங்கும்போதே மயிரிழை அளவு திருத்தி உடனே கையைத் திரும்பக் கொண்டுவரணும்.

சரி, எஞ்சின் விஷயத்துக்கு வருவோம். பயிற்சிக்கு உலகெங்கும் ஓடும் ராபின்சன் ஆர்22 இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி, ரோட்டரும் எடை குறைவு. எஞ்சின் நின்றால் சுழற்சி மளமளவென்று குறையும், ஒன்றிரண்டு விநாடிக்குள் கலெக்டிவைக் கீழே இறக்கிவிடணும். விழுகிறோம் என்றால் யாருக்கும் கை மேலேதானே இழுக்கும்? இழுத்தால் இறக்கைகள் மேலும் சாய்ந்து காற்றோடு உரசி வேகம் செத்துவிடும், அதற்குப் பிறகு மீட்பு கிடையாது. இறக்கினால் கதையே வேறு. பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் சுற்றுகிறதல்லவா, அப்படி வண்டி இறங்க இறங்கக் கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுற்றும். எஞ்சின் தடையாக இழுக்காதபடி நடுவில் ஒரு கிளட்ச் தானாகக் கழன்றுகொள்ளும், சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுவது போல. இறக்கையின் நடுப்பகுதி காற்றிலிருந்து சுழற்சியை வாங்கும், நுனிப்பகுதி அதைச் செலவழிக்கும். இதற்குப் பெயர் ஆட்டோரொட்டேஷன்.

நிமிடத்துக்கு 1,500 அடி, சில சமயம் அதற்கும் மேல் இறங்கும். 500 அடியில் எஞ்சின் போனால் கையில் இருப்பது சுமார் 20 விநாடி, அதற்குள் இடம் பார்க்கணும், காற்றுக்கு எதிராகத் திரும்பணும். தரைக்குச் சுமார் 40 அடி இருக்கும்போது மூக்கைத் தூக்கினால் முன்வேகம் குறையும், ரோட்டருக்கும் கூடுதல் சுழற்சி கிடைக்கும். கடைசி சில அடிகளில்தான் கலெக்டிவை இழுக்கலாம், அதுவும் ஒரே ஒரு தடவை. சேர்த்துவைத்த சுழற்சி முழுவதும் அந்த இழுப்பில் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் சொந்தமாகப் பறக்கும் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம், சம்பளத்துக்குப் பறக்க 150 மணி நேரம். வழியில் இந்த இறக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள், பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்துவிடுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் தரைக்குச் சில அடி மேலேயே எஞ்சினைத் திரும்பக் கொடுத்து அந்தரத்தில் நிறுத்திவிடுவார்கள். தரையைத் தொடும்வரை முழுதாக இறக்கிக் காட்ட வேண்டியது பயிற்சியாளர் ஆகப்போகிறவர்கள்தான்.